4294967295: ஐந்து பகா எண்கள் பெருகிய இடம்

கேள்வி இது: கணினி சம்பந்தப்பட்ட இடங்களில் 4294967295 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது 2³²-ஐ விட ஒன்று குறைவு என்பது தெரியும். அதைத் தாண்டி, வெறும் எண்ணாகப் பார்த்தால் இதற்குத் தனிச்சிறப்பு ஏதாவது உண்டா? இது பகா எண்ணா?

பகா எண் இல்லை. 5-ல் முடிகிறது, அதனால் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இலக்கங்களைக் கூட்டினால் 57 வருகிறது, ஆகவே 3-ஆலும் வகுபடும். ஆனால் பகா எண்ணாக இல்லாததுதான் இதன் அழகு என்பேன். இந்த அளவில் பகா எண்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. இந்த எண் உடைகிற விதம் மாதிரி உடைகிற எண்ணோ மிக அரிது.

கணினி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபமானது. 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 வைக்கும் முப்பத்திரண்டு கட்டங்களில், கூட்டல் கழித்தல் குறி இல்லாமல் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இது. இருமத்தில் எழுதினால் வரிசையாக முப்பத்திரண்டு 1-கள். இதோடு 1 கூட்டினால் எல்லாம் 0 ஆகி, மேலே ஏறும் ஒன்றுக்கு இடம் இருக்காது. அதனால்தான் அதே முப்பத்திரண்டு 1-களைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் கணினி அதை −1 என்று எடுத்துக்கொள்கிறது. பழைய வகை இணைய முகவரிகளில் கடைசியான 255.255.255.255 இதே எண்தான், நான்கு துண்டாக எழுதப்பட்டது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4294967295 பைட்டுக்கு மேல் போக முடியாது. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளைக் குறியில்லாத 32 பிட்டில் எண்ணும் கடிகாரம், 2106 பிப்ரவரி 7 அன்று உலகப் பொது நேரம் காலை 6:28:15-க்கு இந்த எண்ணைத் தொட்டு, அடுத்த விநாடி பூஜ்யத்துக்குத் திரும்பும்.

இதெல்லாம் 2³²-க்கு ஒன்று குறைவு என்பதால் மட்டும் வருவது. 2³¹ − 1-க்கும் 2⁶⁴ − 1-க்கும் இதே மாதிரிக் கதைகள் உண்டு. கணிதம் எண்ணை உடைத்துப் பார்க்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

பள்ளியில் படித்த வர்க்க வித்தியாசம் போதும். 2³² − 1 என்பது (2¹⁶ − 1) × (2¹⁶ + 1). அந்த 2¹⁶ − 1-ஐ மறுபடி (2⁸ − 1) × (2⁸ + 1) என்று பிரிக்கலாம். இப்படியே கீழே இறங்கினால் கடைசியில் கிடைப்பது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

இந்த ஐந்துமே பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றும் 2-ன் ஏதோ ஓர் அடுக்கோடு 1 கூட்டியது: 2+1, 4+1, 16+1, 256+1, 65536+1. அடுக்குகளைப் பார்த்தால் 1, 2, 4, 8, 16. இந்த வரிசையில் வருபவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 1640 வாக்கில் பியேர் டி ஃபெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

ஐந்து வரை அவர் சொன்னது சரி. ஆறாவது 2³² + 1, அதாவது 4294967297. நம் எண்ணோடு 2 கூட்டினால் அது. இது தற்செயல் இல்லை. வர்க்க வித்தியாசத்தைத் திரும்பப் பாருங்கள்: முதல் சில ஃபெர்மா எண்களைப் பெருக்கினால், அடுத்த ஃபெர்மா எண்ணுக்கு எப்போதும் 2 குறைவாக வரும். 3 × 5 = 15, அடுத்தது 17. 3 × 5 × 17 = 255, அடுத்தது 257. இதிலிருந்து கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது: இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுவான வகுத்தி இருந்தால் அது 2-ஐ வகுத்தாக வேண்டும், ஆனால் எல்லாம் ஒற்றை எண்கள், எனவே பொது வகுத்தி 1 மட்டும்தான். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் மற்றவற்றில் இல்லாத ஒரு பகா எண்ணையாவது கொண்டுவர வேண்டியிருப்பதால், பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம். கணிதவியலாளர் கோல்ட்பாக் 1730-ல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த யோசனை இருக்கிறது.

ஃபெர்மா சொன்னதைப் பற்றி ஆய்லரைக் கேட்டுத் தூண்டியவரும் அதே கோல்ட்பாக்தான். 1732-ல் ஆய்லர் பதிலைக் கண்டுபிடித்தார்: 4294967297 = 641 × 6700417. கண்மூடித்தனமாக வகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும். அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன, ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது. 641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டலாம். 641 என்பது 5 × 2⁷ + 1, அதே சமயம் 5⁴ + 2⁴. முதலாவதிலிருந்து, 641-ஆல் வகுத்த மீதியை மட்டும் கணக்கில் எடுத்தால், 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவதிலிருந்து 5⁴ என்பது −2⁴. அதை இங்கே போட்டால் −2³² என்பது 1, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். இத்தனை சின்ன வழியை ஃபெர்மா எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம். இப்படி வகுத்திகளை வடிகட்டும் உத்திக்கு அடிப்படையான தேற்றமே அவருடையது.

ஆக 4294967295 நிற்கும் இடம் இதுதான்: ஃபெர்மாவின் ஊகம் பலித்த ஐந்து முறையும் இதற்குள் இருக்கின்றன; பலிக்காத முதல் எண் இதிலிருந்து இரண்டு படி தள்ளி இருக்கிறது. கீழே சொல்லப்போகும் பண்புகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்தே வருபவை.

முதலில் சார்பகா எண்களைப் பார்ப்போம். ஓர் எண்ணுக்குள் அடங்கிய எண்களில் எத்தனை அதனோடு பொது வகுத்தி இல்லாதவை என்று எண்ணுவது ஆய்லரின் பழக்கம். பகா எண்ணுக்கு அது ஒன்று குறைவு: 3-க்கு 2, 5-க்கு 4, 17-க்கு 16, 257-க்கு 256, 65537-க்கு 65536. வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு இந்த எண்ணிக்கைகளையும் பெருக்கினால் போதும். எல்லாமே 2-ன் அடுக்குகள், எனவே 4294967295-க்கு விடை 2³¹, அதாவது 2147483648. இப்போது பக்கத்து எண்ணான 4294967296-ஐ எடுங்கள். அது 2³², அதனோடு பொது வகுத்தி இல்லாதவை ஒற்றை எண்கள் மட்டும், சரிபாதி. அதுவும் 2147483648! இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு ஒரே விடை வருவது அபூர்வம். 3-க்கும் 4-க்கும், 15-க்கும் 16-க்கும், 255-க்கும் 256-க்கும், 65535-க்கும் 65536-க்கும் இதே காரணத்தால் இதே பொருத்தம் உண்டு. அடுத்து 2⁶⁴ − 1-க்குப் போனால் உடைந்துவிடுகிறது. அங்கே 641-உம் 6700417-உம் உள்ளே வந்துவிட்டன; 640 × 6700416 = 4288266240, தேவையான 4294967296-க்குக் கொஞ்சம் குறைகிறது. கிட்டத்தட்ட வந்து தவறுவதால்தான் இது வெறுப்பேற்றுகிறது.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். சார்பகா எண்ணிக்கை 1, 2, 4, 8, 16 என்று 2-ன் ஏதாவது ஓர் அடுக்காக வரும் ஒற்றை எண்களைத் தேடுங்கள். 2⁰ முதல் 2³¹ வரை ஒவ்வொன்றுக்கும் சரியாக ஓர் ஒற்றை எண் கிடைக்கும். 2³¹-க்குக் கிடைப்பதுதான் 4294967295. 2³²-க்கு ஒன்றுகூட இல்லை. வரிசை அப்படியே நின்றுபோகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. 1932-ல் டி. எச். லெஹ்மர் ஒரு கேள்வி எழுப்பினார்: ஒரு பகு எண்ணின் சார்பகா எண்ணிக்கை, அந்த எண்ணில் ஒன்று குறைத்ததை மீதியில்லாமல் வகுக்குமா? இன்றுவரை ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை, கிடைக்காது என்ற நிரூபணமும் இல்லை. ஆனால் ஒன்று குறைப்பதற்குப் பதில் ஒன்று கூட்டினால் உதாரணங்கள் உண்டு: 15, 255, 65535, நம் 4294967295. நடுவில் 83623935 என்று ஓர் அந்நிய ஆளும் நுழைகிறது. அது 3 × 5 × 17 × 353 × 929. இதில் 353-உம் 929-உம் ஃபெர்மா எண்கள் அல்ல. இருந்தும் சார்பகா எண்ணிக்கை 41811968, அதன் இருமடங்கு 83623936, அதாவது அந்த எண்ணோடு ஒன்று கூட்டியது. ஒழுங்காகப் போகும் வரிசையில் இப்படி ஒரு ஆள் எங்கிருந்து வந்தான் என்று தோன்றும். எண்களில் இது சகஜம்.

சரி, வகுத்திகளுக்கு வருவோம். ஐந்து வெவ்வேறு பகா எண்கள் என்பதால் மொத்த வகுத்திகள் 2⁵ = 32. வகுத்திகள் 32, இரும இலக்கங்களும் 32. அவற்றின் கூட்டுத்தொகை 7304603328. எண்ணையே விட்டுவிட்டுக் கூட்டினால் 3009636033, எண்ணைவிடக் குறைவு. எனவே இது குறை எண் வகையில் சேரும். அதில் பெரிய சுவாரசியம் இல்லை. சுவாரசியம், அந்த 32 வகுத்திகளும் பாஸ்கல் முக்கோணத்தில் வரிசையாக எழுதிவைக்கப்பட்டிருப்பதில் இருக்கிறது.

பாஸ்கல் முக்கோணம் என்பது ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் இடத்திலும் அதற்கு மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டல் என்று எழுதும் எண் முக்கோணம். அதை எழுதி, ஒற்றை எண் உள்ள இடத்தில் 1, இரட்டை எண் உள்ள இடத்தில் 0 போடுங்கள். மேலிருந்து வரும் வரிசைகள் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111. இவற்றை இரும எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. அத்தனையும் 4294967295-ன் வகுத்திகள், சிறிதிலிருந்து பெரிது என்ற ஒழுங்கில், ஒன்றுகூட விடுபடாமல். உச்சியில் உள்ள 1-ஐ பூஜ்யமாவது வரிசை என்று எண்ணினால், 31-ஆவது வரிசையில் முப்பத்திரண்டு 1-கள் வரும். அதுதான் நம் எண்.

ஏன் இப்படி? (1 + அ)-வின் வர்க்கம் 1 + 2அ + அ². ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்ப்பவருக்கு நடுவில் உள்ள 2அ இல்லாத மாதிரிதான். அப்புறம் நான்காம் அடுக்கு 1 + அ⁴, எட்டாம் அடுக்கு 1 + அ⁸ என்று சுருங்கிவிடும். அ-வின் இடத்தில் 2 போட்டால் 3, 5, 17, 257, 65537 வருகின்றன. மற்ற வரிசைகளுக்கு, வரிசை எண்ணை 2-ன் அடுக்குகளாகப் பிரித்தால் போதும். 13 என்பது 8 + 4 + 1; எனவே 13-ஆவது வரிசை 257 × 17 × 3 = 13107. 31-ல் 16, 8, 4, 2, 1 ஐந்தும் இருப்பதால் ஐந்து பகா எண்களும் பெருகுகின்றன. 32-ஆவது வரிசையில் இரண்டு ஓரத்திலும் 1, நடுவில் முழுக்க 0: ஆய்லர் உடைத்த அதே 4294967297.

இனி வடிவியல். 1796 மார்ச் 30 அன்று, இன்னும் பத்தொன்பது வயது நிரம்பாத ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துப் பதினேழு சம பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர்கள் காலத்துக்குப் பிறகு இந்தத் துறையில் நடந்த முதல் முன்னேற்றம் அது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது வரையலாம்; மற்ற ஒற்றை எண்களுக்கு முடியாது என்பதை 1837-ல் வாண்ட்ஸெல் நிரூபித்தார். பெருக்கலுக்கு எப்படிப் போவது என்பது எளிது. முக்கோணமும் ஐங்கோணமும் வரையத் தெரிந்தால், வட்டத்தின் 2/5 பங்கிலிருந்து 1/3 பங்கைக் கழித்தால் 1/15 கிடைக்கும். பதினைந்து பக்கம் தயார்.

இந்தக் கணக்கில், இன்று வரையத் தெரிந்த ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்கள் மொத்தம் 31. 4294967295-ன் வகுத்திகளில் 1-ஐத் தவிர மற்றவை. அவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்ட பலகோணம். கொள்கையளவில் வரையலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 65537 பக்கங்களுக்கான வழிமுறையை எழுத மட்டும் யோஹன் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து வருடம் செலவழித்து 1894-ல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நம் பலகோணத்தைப் பூமத்திய ரேகையின் மேல் வரைந்தால், 40,075 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு பக்கம் சுமார் 9.3 மில்லிமீட்டர் வரும். அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் வட்டத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் இரண்டு பங்குகூட இல்லை. அணுவின் குறுக்களவைவிடப் பல மடங்கு குறைவு. பலகோணம் என்று பெயர்தான், வட்டத்திலிருந்து எந்தக் கருவியாலும் பிரித்துக் காட்ட முடியாது.

பின்னமாக 1/4294967295-ஐ எழுதிப் பார்ப்பதும் வேடிக்கை. இருமத்தில் புள்ளிக்குப் பின் முப்பத்தொரு 0, ஒரு 1, அவ்வளவுதான், அதே 32 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். பதின்மத்தில் எழுதினால்? காரணியாக ஒரு 5 இருப்பதால் முதல் இலக்கம் தனி. அதன் பிறகு சுழற்சி 65536 இலக்க நீளம். 17, 257, 65537 மூன்றுக்குமே 10-ஐ வைத்து வரும் சுழற்சி முழு நீளம் கொண்டது: 16, 256, 65536. இவற்றில் சிறியவை பெரியதில் அடங்கிவிடுகின்றன. 3-ன் சுழற்சி ஒற்றை இலக்கம்தான். ஒரே எண், ஒரு முறையில் எழுதினால் ஒரு வரியில் அடங்குகிறது, இன்னொரு முறையில் பல பக்கங்கள் வேண்டும்.

வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா என்றும் யாராவது கேட்பார்கள். இரண்டு வர்க்கங்களாக முடியாது, காரணிகளில் 3 ஒரே முறை வருகிறது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வருவதால் மூன்று வர்க்கங்களாகவும் முடியாது. எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம். இதற்கு நான்கும் தேவைப்படுகின்றன. உதாரணமாக 65535² + 362² + 5² + 1².

முக்கோண எண்ணா, அதாவது 1 + 2 + 3 + … என்று கூட்டி வருமா என்ற கேள்விக்கு விடை ராமானுஜனிடம் போய் முடிகிறது. ஓர் எண் முக்கோண எண்ணாக இருக்க, அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்க எண் வர வேண்டும். நம் எண்ணுக்கு அது 2³⁵ − 7. 2-ன் அடுக்கில் 7 கழித்தால் எப்போது வர்க்கம் வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 என்ற ஐந்துக்கு மட்டுமே என்று ராமானுஜன் 1913-ல் ஒரு கேள்வி வடிவில் ஊகித்தார். 1948-ல் நாகெல் நிரூபித்தார். 35 அந்தப் பட்டியலில் இல்லை, எனவே 4294967295 முக்கோண எண் இல்லை. 2-ன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் மிகப் பெரிய முக்கோண எண் 4095; 1 முதல் 90 வரை கூட்டினால் வருவது.

கடைசியாக, இந்த எண்ணின் இடம் நிரந்தரமா என்பது. ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால் 31 பலகோணங்கள் என்ற கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், 4294967295 தன் முதலிடத்தை இழக்கும். ஆனால் 2-ன் அடுக்கு 2⁵-லிருந்து 2³² வரை இருக்கும் இருபத்தெட்டு ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. அவற்றில் இரண்டுக்கு, பகு எண் என்று தெரியுமே தவிர, ஒரு காரணிகூட யார் கையிலும் இல்லை. இன்னும் தீர்மானமாகாத முதல் எண்ணில் அடுக்கு 2³³. அதை எழுதவே ஏறத்தாழ 258 கோடி இலக்கங்கள் வேண்டும். அது பகா எண்ணா என்று சோதிக்க வழிமுறை தெரியும், 1877-ல் பெப்பின் தந்த ஒரே ஒரு மீதிக் கணக்கு போதும். அந்த ஒரு கணக்கைப் போட்டு முடிக்கும் அளவுக்கு இன்றைய கணினிகளுக்கு வேகம் போதவில்லை.